துர்தானாவுக்கு இரண்டாவது புகை இல்லை

ரும்பூர் பள்ளத்தாக்கில் துர்தானாவின் வாய்க்குப் பயப்படாதவர்கள் காது கேட்காதவர்கள் மட்டும்தான். அவர்களும் அவள் கையை ஆட்டிப் பேசுவதைப் பார்த்தால் ஓரமாக ஒதுங்கித்தான் போவார்கள்.

முதல் புருஷன் ஒரே ஒரு தரம் அவள்மேல் கையை ஓங்கினான். மறுநாள் காலையில் அவன் வீட்டுக் கூரையிலேயே ஏறி நின்றாள். அவன் எதற்கு லாயக்கு, எதற்கு லாயக்கில்லை என்று ஊருக்கே கேட்கும்படி எடுத்துச் சொன்னாள். பிறகு இறங்கி, தனக்குப் பிடித்தவன் வீட்டுக்குப் போய்விட்டாள். எங்கள் கலாஷ் ஜனத்தில் பெண் அப்படிப் போகலாம், அதில் குற்றம் ஒன்றுமில்லை. ஆனால் காரணத்தைக் கூரையேறிச் சொல்லிவிட்டுப் போனவள் அவள் ஒருத்திதான்.

பிடித்தவன் பெயர் நூரங். ஆடு மேய்ப்பவன், வாய் திறக்காதவன். பதினோரு வருஷம் அவளோடு வாழ்ந்து, கிலாசி என்று ஒரு மகளைக் கொடுத்துவிட்டு, ஒரு பிப்ரவரி மாதம் பனிச்சரிவில் போய்ச் சேர்ந்தான். அவன்மேலும் அவளுக்குக் கோபம்தான். "ஆட்டைப் பாத்தான், மலையைப் பாக்கல" என்று இன்றைக்கும் திட்டுவாள். அப்படித் திட்டும்போது அவன் பெயரை மட்டும் சொல்ல மாட்டாள்.

இதெல்லாம் வீட்டுக் கோபம். அவளுடைய பெரிய கோபம் பாலத்தைத் தாண்டி வருகிறவர்கள்மேல். ஜீப்பில் வந்து இறங்குவார்கள். நாங்கள் யார் என்று எங்களுக்கே சொல்லித் தருவார்கள். கிரேக்க ராஜாவின் படையிலிருந்து வந்தவர்களாம் நாங்கள். ஒருத்தன் துர்தானாவின் கண் நிறத்தைக் காட்டி இதைச் சொன்னபோது, அவள் பீன்ஸ் கூடையை இறக்கி வைத்துவிட்டு, "எங்கப்பன் பேரு எனக்குத் தெரியும்யா. ஒங்கப்பன் பேரை நீ போய்த் தேடு" என்றாள். மொழிபெயர்த்துச் சொல்லவேண்டிய அவள் தம்பி உனத், "வரவேற்கிறோம்னு சொல்றாங்க சார்" என்று சொல்லிவைத்தான். உனத்துக்கு ஊர் நடுவில் ஒரு கெஸ்ட் ஹவுஸ் இருக்கிறது. அக்காவின் வாயை நல்ல வார்த்தையாக மாற்றிச் சொல்லியே பாதித் தொழில் பண்ணியவன் அவன்.

சிரித்துவிட்டுப் போகக்கூடிய சங்கதியாக இது இருந்தது, கிலாசியின் படம் வெளியே போகும்வரை.

டிசம்பரில் சூரியன் தெற்கு முகட்டில் தன் கடைசிப் பள்ளத்துக்குப் போய், மேலே வர மனமில்லாமல் உட்கார்ந்துகொள்ளும் நாட்களில் எங்களுக்குச் சௌமோஸ் திருவிழா. பலுமாயின் என்கிற தெய்வம் குதிரையேறி வந்து, ஆட்ட வளையத்தில் நிற்கிறவர்களை எண்ணி, அவர்கள் வேண்டுதலை வாரிக்கொண்டு திரும்பிப் போகும். அதன் பிறகுதான் சூரியனுக்கும் திரும்பத் தோன்றும். வளையத்தில் நிற்பதற்கு முன்னால் பெண்கள் சுத்தமாக வேண்டும். ஓடையில் தலைமுழுகி, புது உடுப்பு உடுத்தி, ஜூனிப்பர் என்ற மலைமரத்தின் புகையை வாங்கிக்கொள்ள வேண்டும். அந்த நாட்களில் வெளியாள் எவனும் ஊருக்குள் இருக்கக் கூடாது.

இரண்டு வருஷத்துக்கு முன்பு எவனோ இருந்திருக்கிறான். பதினெட்டு வயதுப் பெண் ஈரத் தலையோடு கண்ணை மூடிப் புகையில் நின்றதைப் படம் பிடித்திருக்கிறான். வேகத்தைக் குறைத்து, கழுத்தைக் கிட்டத்தில் காட்டி, ஒரு சினிமாப் பாட்டை மேலே ஓட்டி, செல்போன் உலகத்தில் அவிழ்த்து விட்டான். நாலு லட்சம் பேர் பார்த்தார்கள். கீழே அவர்கள் எழுதியதையெல்லாம் நான் எழுதினால் என் கை அழுகிப்போகும். ஒன்றை மட்டும் சொல்கிறேன், நிறையப் பேர் விலை கேட்டிருந்தார்கள்.

கிலாசி அப்போது சித்ரால் டவுனில் நர்ஸ் படிப்பில் சேர்ந்திருந்தாள். விடுதியில் பக்கத்துக் கட்டில்காரி கட்டிலை நகர்த்திப் போட்டுக்கொண்டாள். கிலாசி யாரிடமும் ஒன்றும் சொல்லவில்லை. அடுத்த சௌமோஸுக்கு ஊருக்கு வரவில்லை, அவ்வளவுதான். அந்த வருஷம் பலுமாயின் எண்ணிக்கொண்டு போன கணக்கில் துர்தானாவின் பெண் இல்லை. அந்த வருஷம் முழுக்கத் துர்தானா யாரோடும் சண்டைகூடப் போடவில்லை. ஊருக்கே பயமாகிவிட்டது.

இந்த வருஷம் நவம்பரில், சிக்னல் கிடைக்கும் பாறைமேல் ஏறி நின்று அவள் மகளுக்குப் போன் போட்டாள்.

"வர்றியா, மாட்டியா? ஒரே பேச்சாச் சொல்லு."

"கேமரா இல்லேன்னா வர்றேம்மா."

"இருக்காது."

"போன தடவையும் இதையேதான் சொன்னே."

"போன தடவை வாயாலதான் சொன்னேன். இந்தத் தடவை சத்தியம் பண்றேன். ஒங்கப்பனைத் தின்ன பனி மேல சத்தியம். ஒரு கேமரா உள்ள வந்தா நான் ஒன் அம்மா இல்ல."

மறுமுனையில் கிலாசி, "கொஞ்சம் மெதுவாப் பேசும்மா, போன்ல எல்லாருக்கும் கேக்குது" என்றாள். வருகிறேன் என்று அதற்கு அர்த்தம்.

அன்றிலிருந்து துர்தானா ஊரைத் தூங்க விடவில்லை. எங்கள் வழக்கங்களுக்குப் பொறுப்பான பெரியவரைக் காஜி என்போம், இப்போதையவர் காஜி மிராத். அவர் வீட்டுக்கு மூன்று தரம் போனாள். "பாலத்துல ஆள் போடுறேன்னு சொல்லிட்டேனே தாயி" என்று அவர் கெஞ்சினார். போட்ட ஆளை நம்பாமல் அவளே பாலத்தில் போய் நின்றாள். பாலத்துக்கு அந்தப் பக்கம், சாலையோரமாக, எங்களில் வெளியே கட்டிக்கொடுத்து முஸ்லிமாக மாறிப்போனவர்களின் நாலு வீடுகள் இருக்கின்றன. அவள் சின்னம்மா மகள் ஜம்ரத்தின் வீடும் அங்கேதான். ஜம்ரத் ரொட்டி எடுத்துக்கொண்டு பாலத்தடியில் நின்று, "அக்கா, குளிருதே, ஒரு வாய் டீ குடிச்சுட்டு நில்லு" என்றாள்.

"நீ அங்கேயே நில்லு. திருவிழா நேரத்துல பாலத்தைத் தாண்டாதே. ஒன் சேலையோரம் பட்டாக்கூட எனக்கு ஆகாது."

ஜம்ரத் உடுத்தியிருந்தது சேலை இல்லை, சால்வை. எதுவாக இருந்தால் என்ன, திட்டு ஒன்றுதான். ஜம்ரத் டீயைத் தானே குடித்துக்கொண்டு உள்ளே போனாள்.

கடைசியாகத் துர்தானா தம்பி வீட்டுக்குப் போனாள். ஒவ்வொரு அறையாகத் திறந்து பார்த்தாள். கட்டிலுக்கு அடியில் குனிந்து பார்த்தாள். உனத் வாசலில் சாய்ந்து நின்று சிரித்தான்.

"பாத்துட்டியா? எம்புள்ள மாதிரி அவ. அவளுக்கு நான் கெடுதல் பண்ணுவேனா? இந்த வீட்டுல ஒரு ஈ கூட வெளியூர் ஈ கிடையாதுக்கா."

அவன் தோளில் துர்தானா நெய்து கொடுத்த பட்டி கிடந்தது. சிவப்பும் மஞ்சளும், நடுவில் ஆட்டுக் கொம்பு வடிவமும் போட்ட அகலமான இடுப்புப் பட்டி. அவனுக்காகப் போன குளிர்காலம் முழுக்க உட்கார்ந்து நெய்தது. அதைப் பார்த்ததும் அவளுக்கு மனசு இளகிவிட்டது. இளகியிருக்கக் கூடாது. ஆனால் உடன்பிறந்தவனை எத்தனை நாளைக்குத்தான் சந்தேகப்படுவது?

கிலாசி வந்து இறங்கினாள். பாலத்தில் வைத்தே துர்தானா ஆரம்பித்துவிட்டாள்.

"என்னடி இது, வத்தலாட்டம் வந்து நிக்கிறே? நோயாளிக்குக் குடுக்கிற கஞ்சியில நீ ஒரு வாய் குடிக்கக் கூடாதா?"

"அம்மா, ஊரே பாக்குது."

"பாக்கட்டும். எம்மக. நான் பெத்த மக. வேணுமுன்னா டிக்கெட் போட்டுப் பாக்கட்டும்."

"மெதுவாம்மா" என்றாள் கிலாசி. ஆனால் சிரித்தாள். இரண்டு வருஷத்துக்குப் பிறகு வந்த சிரிப்பு அது. அதைப் பார்த்துவிட்டு, மூட்டையைத் தூக்குகிற சாக்கில் துர்தானா முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

மறுநாள் பெண்கள் சுத்தமாகும் நாள். விடிந்ததும் ஓடையின் ஓரப் பனிக்கட்டியைக் கல்லால் உடைத்துத் தலைமுழுகினார்கள். பல் தந்தியடித்தது. புதுக் கறுப்பு அங்கி, புது மணிமாலைகள். ஒருத்திக்கு ஐந்து ரொட்டி, அன்றைக்கு ரொட்டி சுடுவது ஆண்கள் வேலை என்பதால் பாதி கருகியிருந்தது. குலதெய்வ வீட்டின் முன்னால் இருக்கும் களத்தில் பெண்கள் வரிசையாக நின்றார்கள். எங்கள் ஊரில் வீடுகள் மலைமேல் படிக்கட்டு மாதிரி. ஒருவர் வீட்டுக் கூரைதான் மேல்வீட்டுக்கு முற்றம். மேலே இருந்த கூரைகளில் ஆண்கள் நின்று பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

காஜியின் தம்பி எரியும் ஜூனிப்பர் கிளையோடு வந்தான். ஒவ்வொரு தலைக்கு மேலும் சுற்றி, சுத்தமாகு, சுத்தமாகு என்று முணுமுணுத்தான். துர்தானாவுக்கு ஆயிற்று. கிலாசிக்கும் ஆயிற்று. புகையில் கண்ணை மூடி மகள் நிற்பதைப் பார்த்தபோது, போன வருஷக் கோபம், அதற்கு முந்தின வருஷக் கோபம் எல்லாம் வடிந்து, துர்தானாவுக்கு வயிறு நிறைந்தது மாதிரி இருந்தது. இன்னும் இரண்டே நாள், வளையத்தில் தோளோடு தோள் சேர்ந்து நிற்க வேண்டியதுதான்.

காற்று திரும்பிப் புகை மேலே கூரைப் பக்கம் போனது. எங்கள் ஆட்கள் அந்தப் புகை வந்தால் முகத்தை நீட்டி வாங்கிக்கொள்வார்கள், கிடைத்தமட்டும் லாபம் என்று. கூரையில் நின்ற அத்தனை தலையும் முன்னால் நீண்டது. ஒரே ஒரு தலை மட்டும் பின்னால் திரும்பி, கையால் வாயைப் பொத்தி இருமியது.

துர்தானா நிமிர்ந்து பார்த்தாள். எங்கள் ஊர்க் கம்பளித் தொப்பி. எங்கள் ஊர்க் கம்பளி அங்கி. அதற்கு மேல் இடுப்பில் சிவப்பும் மஞ்சளும், நடுவில் ஆட்டுக் கொம்பு. அங்கியின் மடிப்புக்குள்ளிருந்து ஒரு கண்ணாடிக் கண் அவள் மகளைப் பார்த்துக்கொண்டிருந்தது. அவனை மறைத்தாற்போல முன்னால் நின்றது உனத்.

அவள் கத்தவில்லை. அதுதான் அதிசயம். ஐந்து ரொட்டியையும் கிலாசியின் கையில் திணித்துவிட்டு, மரத்தில் வெட்டிய ஏணியில் ஏறினாள். "அக்கா, அக்கா, நான் சொல்றதைக் கேளு" என்று உனத் குறுக்கே வந்தான். அவனை விலக்கிவிட்டு, அந்த ஆளின் நெஞ்சைப் பிடித்து இழுத்து, அங்கிக்குள் கையை விட்டுக் கேமராவைப் பிடுங்கி, ஓடையைப் பார்த்து வீசினாள். பட்டியையும் உருவிக்கொண்டாள்.

"ஓடையில போய்ப் புடிச்சுக்கோடா. எடுக்கணும்னு வந்தே இல்ல, போய் எடு."

அந்த ஆள் நகரத்துப் பேச்சில் என்னவோ கத்தினான், போலீஸ் என்றான், விலை சொன்னான். யாரும் அவனைப் பார்க்கவில்லை. ஊரே துர்தானாவின் கைகளைப் பார்த்துக்கொண்டிருந்தது. கீழே கிலாசி இரண்டு கையிலும் ரொட்டியோடு, "அம்மா" என்றாள். அப்போதுதான் துர்தானாவும் தன் கைகளைப் பார்த்தாள்.

புகை வாங்கிய பெண் வெளியாளைத் தொட்டுவிட்டாள். பாலத்தில் நின்று ஊரெல்லாம் ஓரம் படாதே, ஓரம் படாதே என்று விரட்டியவள், நெஞ்சைப் பிடித்தே இழுத்துவிட்டாள்.

காஜி மிராத் மேலே வந்தபோது அவர் முகம் கறுத்திருந்தது.

"கீழே இருந்து என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே தாயி. ஒரு ஆம்பளையை அனுப்பி இழுத்துப் போட்டிருப்பேனே."

"அனுப்பியிருந்தா அவன் கை மட்டும் சுத்தமாவா இருக்கும்?"

"ஆம்பளைக்கு மறுபடி ஆட்டு ரத்தம் தெளிச்சுக்கலாம். பொம்பளைக்கு ஒரு சௌமோஸுக்கு ஒரு புகைதான். ரெண்டாவது கிடையாது, அது கெட்டா திருவிழா முடியிற வரைக்கும் பாலத்துக்கு வெளியதான். ஒனக்குத் தெரியாததா?"

"தெரியும். இவனுக்கு?" என்று உனத்தைக் காட்டினாள்.

காஜி கொஞ்சம் தயங்கினார். "அவனும் ஒரு கிடா குடுத்து ரத்தம் வாங்கிக்கணும்."

"வாங்கிட்டு?"

"வாங்கிட்டு உள்ள இருக்கலாம்."

"அப்ப வெளியாளைக் கூட்டியாந்து, எம்பட்டியைக் கட்டி, எம்மகளைக் காட்டிக் குடுத்தவன் நாளன்னைக்கு வளையத்துல நிப்பான். அவனைப் புடிச்சுக் குடுத்த நான் பாலத்துக்கு வெளியே நிக்கணும். நல்லா இருக்கு காஜி ஒங்க நியாயம். பலுமாயின் வந்தா நான் கேட்டேன்னு சொல்லுங்க."

விதி காஜி போட்டதல்ல, ஆனால் அதைப் பிடித்துக்கொண்டு நின்றது அவர்தான். என்னைக் கேட்டால், அன்றைக்கு ஊரில் ஒரு ஆம்பளையாவது வாய் திறந்திருக்க வேண்டும். எல்லாருக்கும் திடீரென்று தங்கள் செருப்பில் பனி ஒட்டியிருந்தது, குனிந்து தட்டிக்கொண்டிருந்தோம். நானும்தான்.

உனத் மட்டும் பேசினான். "எந்த முகமும் தெரியாமத்தான் எடுப்பேன்னு சொன்னாருக்கா. வெளியே நாலு பேர் பாத்தாத்தானே நாலு பேர் வருவாங்க. ஊருக்காகத்தான்."

"ஊரை இழுக்காதே. ஒனக்காகன்னு சொல்லு, அதுலயாவது ஒரு ரோஷம் இருக்கட்டும்."

கிலாசி பின்னாலேயே வரப் பார்த்தாள். "நானும் வர்றேம்மா. எனக்கு எதுக்கு இது?"

"வந்தே, காலை ஒடிச்சுடுவேன். ரெண்டு வருஷம் நீ கணக்குல இல்லாமப் போயிடக் கூடாதுன்னுதான் இத்தனையும். நீ உள்ள நிக்கணும். நின்னுதான் ஆகணும்." மகளைத் தொட்டுவிடக் கூடாது என்று கையை முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டு சொன்னாள். அந்தக் கையில் பட்டி இருந்தது.

பாலத்துக்கு அந்தப் பக்கம் போனதும், ஜம்ரத் ஒன்றும் கேட்காமல் கதவைத் திறந்து, அடுப்புப் பக்கத்தில் இடம் ஒதுக்கி, டீயை வைத்தாள். துர்தானா இரண்டு நாள் அந்த வீட்டில் அடைபட்ட ஆடு மாதிரி சுற்றிச் சுற்றி வந்தாள். விறகை உடைத்தாள். உடைக்க வேண்டாத விறகையும் உடைத்தாள். ஜம்ரத் தொழுதுவிட்டு வந்து அவளுக்குச் சோறு போட்டாள். சாப்பிட்டுக்கொண்டே தம்பியைத் திட்டினாள், காஜியைத் திட்டினாள், நூரங்கைத் திட்டினாள், தன் கைகளைத்தான் அதிகமாகத் திட்டினாள்.

மூன்றாவது நாள் பலுமாயின் வரும் நாள். அந்த மத்தியானத்தில் ஆண்கள் ஒரு பக்கம், பெண்கள் ஒரு பக்கமாகப் பிரிந்து வசைப்பாட்டுப் பாடுவது எங்கள் வழக்கம். வருஷம் முழுக்க அடக்கி வைத்ததை அன்றைக்குப் பெயர் சொல்லிப் பாடலாம். எவ்வளவு அசிங்கமாக இருந்தாலும் பாடப்பட்டவன் சிரித்தபடி நின்று கேட்க வேண்டும், முகம் சுளித்தால் இன்னும் நாலு அடி கூடும். துர்தானா பாடாத வருஷம் கிடையாது. பெண்கள் பக்கத்துக்கு அவள்தான் முதல் குரல்.

மேலே மேளம் கேட்டதும் அவள் எழுந்து வெளியே போய், பாலத்தின் சாலைப் பக்கக் கம்பத்தைப் பிடித்துக்கொண்டு நின்றாள். வெயில் அதற்குள் முகட்டுக்குப் பின்னால் போகத் தயாராக இருந்தது. ஜம்ரத்தும் சால்வையைப் போர்த்திக்கொண்டு வந்து, நின்று பழகிய ஒரு கல்மேல் நின்றாள்.

"இங்கே வரைக்கும் இவ்வளவு நல்லாக் கேக்குமா?" என்றாள் துர்தானா.

"பன்னெண்டு வருஷமாக் கேக்குது."

துர்தானா திரும்பிப் பார்த்தாள்.

முதலில் ஆண்கள் பாடினார்கள். சப்பென்று இருந்தது. பெண்கள் பக்கம் கொஞ்ச நேரம் சத்தமே இல்லை, முதல் குரல் இல்லாமல் யார் ஆரம்பிப்பது என்று தவித்தார்கள். பிறகு ஒரு குரல் எழுந்தது. மெலிந்த குரல், முதலில் நடுங்கியது.

"அக்கா நெய்த பட்டியிலே அயலானைக் கட்டினான்,
வாசலுக்கு நாயை வச்சு வீட்டுக்குள்ள நரியை வச்சான்,
அஞ்சு கிடா அறுத்தாலும் உனத்து மாமா அழுக்கு போகுமா?"

"கிலாசி" என்றாள் ஜம்ரத்.

"தெரியுது" என்றாள் துர்தானா.

பெண்கள் மொத்தமாக அந்த அடியை வாங்கித் திருப்பிப் பாடினார்கள். அடுத்த நாலு அடியை நான் எழுதப் போவதில்லை. அதில் ஒரு கிடாவும், கேமராவும், உனத்தின் கால்சட்டையும் வருகின்றன. நர்ஸ் படிப்பில் என்னென்ன சொல்லித் தருகிறார்கள் என்று அன்றைக்குத்தான் ஊருக்குத் தெரிந்தது. மெதுவாகப் பேசு, மெதுவாகப் பேசு என்று ஆயுசு முழுக்கச் சொன்ன பெண் பாடிய பாட்டு அது. உனத் சிரித்தபடி நின்றான். சிரித்துத்தானே ஆக வேண்டும். இந்த வருஷம் அறுவடையிலும் ஆட்டுப் பட்டியிலும் எங்கே போனாலும் அந்த அடி அவனுக்கு முன்னால் போகும்.

பிறகு பாட்டு கொஞ்சம் தணிந்தது.

"பாலத்துக்குக் கீழே நிக்கிறா, வாய் பெரிசு, பேர் துர்தானா,
பலுமாயினே, குதிரையைத் திருப்பு, அவளையும் எண்ணிட்டுப் போ."

இதைப் பெண்கள் உடனே வாங்கிப் பாடவில்லை. பாடலாமா என்று காஜியின் முகத்தைப் பார்த்தார்கள். அந்தப் பெண் தனியாகவே இரண்டாம் தரமும் பாடினாள். மூன்றாம் தரம் ஒவ்வொரு குரலாகச் சேர்ந்தது.

ஜம்ரத் சால்வையால் கண்ணைத் துடைத்தாள். "நல்லாப் பாடுறா. இப்பக் காத்து திரும்பிடும்க்கா, வெயில் போனதும் தினம் திரும்பும். மிச்சம் பாதிதான் காதுல விழும்."

"ஒனக்கு இது வேணுமாடி? ஒன்னையும் எண்ணச் சொல்லிக் கேக்கட்டுமா?"

"வேணாம். எனக்கு என் தொழுகை இருக்கு, என் கணக்கு அங்கே இருக்கு. பாட்டு மட்டும் முழுசாக் கேட்டாப் போதும்."

பன்னிரண்டு வருஷம் இவள் இந்தக் கல்மேல் நின்று பாதிப் பாட்டைக் கேட்டிருக்கிறாள். அந்தப் பாட்டில் முதல் குரல் யாருடையது என்று துர்தானாவுக்குத் தெரியும். ஒரு டீயை வாங்கிக் குடிக்காத குரல். அவளுக்கு மறுபடியும் கோபம் வந்தது, இந்தத் தரம் யார்மேல் என்று அவளுக்கே பிடிபடவில்லை. கையிலிருந்த பட்டியை உதறி ஜம்ரத்தின் தோளில் குளிருக்குப் போட்டாள். பாலத்தின் விளிம்புவரை, அதைத் தாண்டாமல் போய் நின்று, மூச்சை இழுத்துப் பிடித்து, மலை அதிரக் கத்தினாள்.

"ஏ கிலாசி, மெதுவாப் பாடாதேடி. சத்தமாப் பாடு. இங்கே ரெண்டு பேர் கேக்கிறோம்."

மேலே சத்தம் கூடியது.